அரை மூச்சில் எடுத்த படம்

என் நுரையீரலை நான் முதன்முதல் பார்த்தபோது பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. வீட்டார் யாரும் கூட வந்தால் உட்காரட்டும் என்று போட்ட கதிரை அது. மன்னாரிலிருந்து கொழும்பு ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகத்தான் பஸ் ஏறியிருந்தேன்.

திரையில் படம் மெல்லச் சுழன்றது. ஸ்கானில் எடுத்த படங்களை எல்லாம் அடுக்கி, நெஞ்சைப் பிளக்காமலே உள்ளே இருப்பதை முழு உருவமாகக் கணினி காட்டுகிறது. சிவப்பும் நீலமுமாக இரத்தக் குழாய்கள் கண்டல் வேர் மாதிரிப் பின்னிக்கொண்டு கிடந்தன. நடுவில் பச்சையாக ஓர் உருண்டை, நாவற்பழம் அளவில். அதுதான் புற்று. வாடகையும் தராமல் குடிவந்திருந்தது, சனியன்.

"ஐயா, இந்தப் படத்தைப் பாத்துத்தான் எங்க வெட்டுறதெண்டு முடிவெடுக்கிறனான்," என்றார் டொக்டர். "மூண்டு சின்னத் துளை போதும். ஆனா ஒரு சின்னத் துண்டோட விடலாமோ, இந்தப் பக்கத்தில பாதியை எடுக்க வேணுமோ எண்டு இதில தெளிவாத் தெரியேல்லை."

"பாதி போனா நான் கடலில இறங்கலாமோ?"

"கஷ்டம், ஐயா."

நான் சங்கு குளிக்கிறவன். எங்கள் ஊர் கீரிக் கரையில் எனக்கென்று மிச்சம் இருப்பது அந்தத் தொழில் ஒன்றுதான்.

டொக்டர் மறுபடியும் படத்தைத் திருப்பினார். "எல்லாம் நெருங்கிக் கிடக்கு. படம் எடுக்கேக்க மூச்சை நிறைய இழுத்துப் பிடிச்சனீங்களோ?"

"இழுத்தனான். பாதியை விட்டுப்போட்டுப் பிடிச்சனான்."

"ஏன் விட்டனீங்கள்?"

"நெஞ்சு நிறைஞ்சிருந்தா கடல் மேல தூக்கும். விட்டாத்தான் தாழலாம்."

அவர் சிரித்தார். "இஞ்ச தாழ வேண்டாம். நாளைக்குத் திருப்பி எடுப்பம்."

அவர் சிரிக்கலாம். எனக்கு அந்த அரை மூச்சு ஆறு வருடப் பழக்கம். அதற்கு முன் நான் கல்லில் கால் வைத்து, இடுப்பில் கயிறு கட்டி இறங்கியவன். கல் கீழே இழுக்கும் என்பதால் நெஞ்சு நிறைய மூச்சோடு போகலாம். கயிற்றின் மறுமுனை வள்ளத்தில் மச்சானின் கையில், அதாவது என் மனைவியின் அண்ணன் கையில், இருக்கும். எங்களிடம் கயிறு பிடிப்பது மச்சான்தான். தங்கச்சியை விதவையாக்க எவனுக்கு மனம் வரும்? மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள், கடலுக்கு அதைவிட வேண்டும்.

ஒருநாள் என் மனைவியைக் கடும் காய்ச்சலோடு வீட்டில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போயிருந்தோம். "கரைக்குப் போவம்," என்றார் மச்சான். இன்னும் இரண்டு தரம் இறங்கிவிட்டுப் போவோம் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கரைக்கு வந்தபோது அவளை அயலவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரோடு இல்லை. மச்சான் அதற்குப் பிறகு என் முகம் பார்க்கவில்லை. கயிறு பிடிக்க ஆளில்லாமல் நான் கரையோரத்தில் தனியே, கல்லும் இல்லாமல் அரை மூச்சில் இறங்கப் பழகினேன்.

மறுநாள் ஸ்கான் மேசையில் கண்ணை மூடினேன். காலடியில் கல், இடுப்பில் கயிறு என்று நினைத்துக்கொண்டு இழுத்தேன். விடவில்லை.

அந்தப் படத்தில் குழாய்கள் விரிந்து கிடந்தன. பச்சை உருண்டைக்கும் பெரிய குழாய்க்கும் நடுவே இடைவெளி தெரிந்தது. "சின்னத் துண்டை எடுத்தாப் போதும்," என்றார் டொக்டர். "ஒப்பரேசன் அண்டைக்கு வெளியில நிக்க ஒராள் வேணும். ஆர் வருவினம்?"

எனக்கு வேறு எந்த நம்பரும் தெரியாது. மச்சானுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"அண்டைக்கு நான் சொன்ன உடனை கரைக்கு வந்திருக்கலாம்," என்றார்.

ஆறு வருடமாக இல்லை, இல்லை என்று எனக்கு நானே வாதாடிய விஷயம். "ஓம் மச்சான்," என்றேன். "பிழை என்னிலதான்."

"எந்த நாள்?" என்று கேட்டார். சொன்னேன். வாறன் என்றோ மாட்டன் என்றோ சொல்லாமல் வைத்துவிட்டார்.

சத்திரசிகிச்சை நாளில் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது கதவடியில் அவர் நின்றார். தலை நரைத்திருந்தது.

"அவளுக்காகத்தான் நிக்கிறன். உனக்காக இல்லை," என்றார்.

தங்கச்சியே இல்லாத பிறகு அவருக்கு என்ன கடமை? உள்ளே முகத்தில் மயக்க மருந்து மூடியை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார்கள். நெஞ்சு நிறைய இழுத்தேன்.