பின்படலைக்குப் பழகிய நாய்

சைக்கிள் கரியரைத் தேவராசா தேசிக்காய்ப் பாதியால் தேய்த்துக்கொண்டிருந்தார். சவர்க்காரத்துக்கு மீன் மணம் போகவில்லை. மீன் வைக்கிற றெஜிபோம் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று.

குருநகரில் மீன் எடுத்துக் கொக்குவில் வீடுகளுக்குக் கொண்டுபோய் விற்பது அவர் தொழில். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் மீன் வாங்கமாட்டார்கள். ஆனால் இந்த வெள்ளி அவருடைய நெடுநாள் வாடிக்கைக்காரி செல்வநாயகியின் இறந்துபோன கணவருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. மத்தியானச் சாப்பாட்டுக்குக் கட்டாயம் வரச்சொல்லியிருந்தார். அந்த வீட்டுக்குத் தேவராசா எப்போதும் பின்படலையால் போய், கிணற்றடியில் மீன் வெட்டிக் கொடுத்துவிட்டு வருகிறவர். முன் கேற்றால் போவது இதுதான் முதல் தடவை.

"இஞ்சாருங்கோ, உந்த நாயைக் கட்டிப்போட்டுப் போங்கோ" என்றாள் மனைவி லூர்த்தம்மா.

பிறவுணி ஒவ்வொரு நாளும் சைக்கிளுக்குப் பின்னால் ஓடுகிற நாய்.

"கட்டினால் ஊளையிட்டு ஊரைக் கூட்டும். வரட்டும், ரோட்டிலை நிக்கும்."

"நிக்கும், நிக்கும். நீங்கள் சொல்லி நானே நிக்கிறேல்லை, அது நிக்கப்போகுதாம்!"

சிரித்துக்கொண்டு சைக்கிளை உதைத்தார். பிறவுணி பின்னால் ஓடியது.

செல்வநாயகி வீட்டுக் கேற்றடியில் நாயைக் காணவில்லை. நல்லதாய்ப் போச்சென்று உள்ளே போனார். பந்தலுக்குள் கதிரை கொடுத்து இருத்தினார்கள். பக்கத்திலிருந்தவர் மழையைப் பற்றிக் கதைத்தார். தேவராசா ஒருக்கால் தன் கையை மணந்து பார்த்துக்கொண்டார்.

வளவுக்குப் பின்னால் சத்தம் கேட்டது. பிறவுணி பின்படலையால் புகுந்து, கிணற்றடியில் தன் வழமையான இடத்தில் குந்தியிருந்தது. அங்கே இன்றைக்கு மீன் இல்லை. சைவச் சமையல் நடந்தது. செல்வநாயகியின் மருமகன் பார்த்தீபன் தென்னம்மட்டையோடு பந்தலுக்கு வந்தான்.

"ஆற்றை நாய் இது? ஆரோடையும் வந்ததோ?"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தெரியாது, தம்பி" என்றார் தேவராசா. "தெருநாயாக்கும்."

பார்த்தீபன் திரும்பிப் பின்னால் போனான். மட்டையால் அடி விழுந்த சத்தம் பந்தல் வரைக்கும் கேட்டது. பிறவுணி கத்திக்கொண்டு நேரே ஓடிவந்து அவருடைய கதிரைக்குக் கீழே புகுந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார்.

நிமிர்ந்தபோது வாசலில் செல்வநாயகி நின்றார். பிறவுணியைக் குட்டியிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்.

"சாப்பிட்டிட்டியளோ, தேவராசா?" என்று மட்டும் கேட்டார்.

ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பிறவுணி மூன்று காலால் தூரத்தில் வந்தது. தூக்கப் போனால் விலகியது. குருநகர் வரைக்கும் சைக்கிளை உருட்டியே வந்தார்.

லூர்த்தம்மா நாயின் காலை அமத்திப் பார்த்தாள். "முறியேல்லை, வீக்கம்தான். ஆர் அடிச்சது?"

சொன்னார். தான் சொன்னதையும் சொன்னார். உப்புத்தண்ணீர் ஒத்திய அவள் கை நின்றது.

"நல்ல காலம் என்னைக் கூட்டிக்கொண்டு போகேல்லை. என்னையும் தெரியாது எண்டிருப்பியள்."

அவருடைய இரவுச் சாப்பாடு மூடினபடி கிடந்தது.

காலையில் கரியரில் மீன் பெட்டியைக் கட்டினார். லூர்த்தம்மாவின் சந்தைக் கூடையைக் கேட்டு வாங்கி, சாக்கு விரித்து, ஹான்டிலில் தொங்கவிட்டு, பிறவுணியைத் தூக்கி உள்ளே வைத்தார். உறுமியது, பிறகு சும்மா கிடந்தது. கொக்குவிலில் பின் ஒழுங்கைக்குப் போகாமல் முன் கேற்றில் நின்று மணியடித்தார். பார்த்தீபன் வந்தான்.

"தம்பி, இது என்ரை நாய். நேற்றுப் பொய் சொல்லிப்போட்டன்."

பார்த்தீபனுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் செல்வநாயகி வந்து கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கால் எப்பிடி?"

"வீங்கியிருக்கு, அக்கா. என்னாலைதான்."

"ஓம்" என்றார் செல்வநாயகி. கேற்றை அகலத் திறந்துவிட்டார். "இண்டைக்கு மீன் எடுக்கலாம். உந்த முன் கேற்றாலையே வாங்கோ."

வீட்டுப் பக்கமாகச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய், கிணற்றடியில் விளைமீன் வெட்டினார். பிறவுணியைக் கூடையிலிருந்து இறக்கி, மீன் தலையை அதன் முன்னால் வைத்தார். அவர் கையை எடுத்து, தள்ளிப் போய் நின்ற பிறகுதான் அது வாய் வைத்தது.