சந்தனம் அரித்த பேரல்

தாம்பரத்தில் நான் துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித்தாக இருந்த கடையில், பழைய துப்பாக்கிக்கு வயது பார்த்து விலை போடுவதும் என் வேலை. அன்றைக்கு வாங்குவதற்கு ஒரு எஸ்டேட்காரர் தயாராக இருந்தார். விற்க வேண்டியவரும் வந்துவிட்டார்.

"இன்னாப்பா, டீச்சரம்மா வந்து குந்திகினு கீறாங்க. சீக்கிரம் பார்த்து வெலைய சொல்லு" என்றார் முதலாளி.

விசாலாட்சி டீச்சர், கோவிலம்பாக்கம். கணவர் இறந்ததும் அவருடைய டபுள் பேரல் துப்பாக்கியை எங்கள் கடையில் டெபாசிட் செய்திருந்தார். இனி தன் பெயரில் லைசென்ஸ் எடுக்க வேண்டும், இல்லையென்றால் விற்றுவிட வேண்டும்.

"எனக்கு எதுக்கு சார் துப்பாக்கி? குடுத்துடுங்க. மாமனாருக்கு ஒரு வெள்ளைக்காரத் துரை பரிசா குடுத்ததுன்னு வீட்டுக்காரர் எல்லார்கிட்டயும் சொல்லுவார்."

இந்தத் துரை கதை எனக்குப் பழக்கம். ஊரில் உள்ள பாதித் துப்பாக்கிகளைத் துரைமார்களே தானம் செய்திருக்கிறார்கள். பேரலை, அதாவது குழலை, கழற்றித் திருப்பி, அடியில் இருந்த ப்ரூஃப் மார்க்கை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். சுட்டுச் சோதித்த பிறகு இங்கிலாந்தில் அடிக்கிற முத்திரை அது. காலத்துக்குக் காலம் மாறும் என்பதால் வயதைச் சொல்லிவிடும்.

"மேடம், இது துரைங்க எல்லாம் கப்பல் ஏறிப் போன அப்புறம் செஞ்சது" என்றேன் தயங்கியபடி.

டீச்சர் சிரித்துவிட்டார். "தெரியும் சார். கடையில வாங்கினதுன்னு மாமியார் அப்பவே சொல்லிட்டாங்க. துரை கதை சொல்றப்ப அவர் முகத்தப் பார்க்கணுமே. அதான் விட்டுட்டேன்."

லாக் டைட்டாக இருந்தது, பின்பக்கத்து மரக்கட்டையான ஸ்டாக்கில் விரிசல் இல்லை. பேரலின் மேல்பக்கம்தான் கோளாறு. வரிசையாக மூன்று இடத்தில் வட்ட வட்டமாகத் துருக் குழி. நம் பக்கத்துத் துப்பாக்கிகளுக்கே வருகிற நோய் இது. ஆயுத பூஜைக்கு ஈரச் சந்தனம் வைத்து அப்படியே விட்டுவிடுவார்கள்.

"இதால பாதி விலைதான் போகும் மேடம். பாலிஷ் போட்டு, நீலக் கறுப்பா ப்ளூயிங் சாயம் ஏத்திட்டா புதுசு மாதிரி ஆயிடும். வாங்கறவரும் அதைத்தான் கேக்கறார்."

டீச்சர் பேரலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு குழியிலும் மோதிர விரலை வைத்துப் பார்த்தார்.

"வருஷா வருஷம் இதே இடம்தான். துடைச்சிடுங்கன்னு சொல்லுவேன். சாமிக்கு வெச்சதத் துடைக்கக் கூடாதும்பார். பாலிஷ் போட்டா இது போயிடுமா சார்?"

"சுத்தமா போயிடும்."

அவர் கண் கலங்கிவிட்டது.

"அப்போ விக்க வேணாம். என் பேர்ல லைசென்ஸ் எடுக்க என்னென்ன வேணும், சொல்லுங்க."

வாங்க வந்த எஸ்டேட் பார்ட்டியை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று முதலாளி அன்று முழுக்கப் பேஜார் பண்ணினார். பண்ணட்டும். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். விலையைக் குறைக்கிற தழும்பு கண்ணில் பட்டால், பாலிஷ் பற்றிப் பேசுவதற்கு முன் அது எப்படி வந்தது என்று கேளுங்கள்.

லைசென்ஸ் கிடைத்துத் துப்பாக்கியை எடுத்துப்போக வந்தவருக்கு, துருப் பிடிக்காமல் எண்ணெய் போடும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தேன். டீச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"எண்ணெய் போடறேன் சார். ஆனா ஆயுத பூஜை அன்னிக்கு மட்டும் துடைக்கச் சொல்லாதீங்க" என்றார்.