கம்பம் பள்ளத்தாக்கில் கிடைத்த கடைசி ஒன்பது நிமிடம்

பொங்கல் முடிந்த வாரம், ஒரே ஒரு சிடிக்காகத் தேனி போய் வந்தேன். சிரிக்காதீர்கள். மேகமலை, சுருளி என்று திட்டம் போடுகிறவர்களுக்கும் இதில் வழித்தகவல் உண்டு.

மதுரையில் வயலின் சொல்லிக்கொடுப்பது என் பிழைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நாலைந்து பேர் ஓர் அறையில் உட்கார்ந்து வாசிக்க எழுதப்பட்டு, பிறகு யாரும் சீண்டாமல் விட்ட இசையைத் தேடுவது என் பைத்தியம். பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் இதைத் தொடாது. வீட்டு மாடியில் நடக்கிற குட்டிக் கம்பெனிகள்தான் வெளியிடும். அப்படி வந்த ஒன்று, பியானோவோடு இரண்டு வயலின், வயலினின் அண்ணன்மாரான ஒரு வியோலா, ஒரு செல்லோ. பழைய சிடியாக வாங்கினேன். கடைசிப் பகுதி இரண்டாவது நிமிடத்தில் திக்கி நின்றுவிடும். கம்பெனியை மூடிவிட்டார்கள், இணையத்திலும் இல்லை. மீதி ஒன்பது நிமிடம் எப்படிப் போய் முடியும் என்று தெரியாமல் ஆறு வருடமாகத் தவித்தேன்.

அதை இந்த வலைப்பூவில் புலம்பியிருந்தேன். தேனியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் சாமுவேல் அண்ணாச்சி நவம்பரில் பதில் எழுதினார். ஜெர்மனியில் இருந்த தம்பி விட்டுப்போன பெட்டியில் அதே சிடி இருக்கிறதாம்.

ஆரப்பாளையத்தில் காலை 6.10 பஸ். தேனிக்கு 76 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், 70 ரூபாய். கடைக்குள் நுழைந்ததுமே அண்ணாச்சியின் முகம் சரியில்லை.

"தப்பு நடந்துபோச்சு தங்கச்சி. கிறிஸ்துமசுக்கு வெள்ளையடிக்கையில வீட்ல பெட்டியோட தூக்கிக் கொடுத்துட்டாக."

"யாருக்கு?"

"காமயகவுண்டன்பட்டி பாண்டிக்கு. திராட்சைத் தோட்டத்துல குருவி விரட்டக் கேட்டான்."

அவர் கொடுத்த டீயைக்கூட நான் குடிக்கவில்லை. அவ்வளவு கோபம். கம்பத்துக்கு 40 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 38 ரூபாய். அங்கிருந்து காமயகவுண்டன்பட்டிக்கு டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம்.

தோட்டத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பந்தல் முழுக்கச் சிடிகள் கண்ணைப் பறித்துக்கொண்டு சுழன்றன. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் மினுங்க வேண்டும் என்று, எழுத்துள்ள பக்கம் உள்ளே போகும்படி இரண்டிரண்டாக ஒட்டியிருந்தார்கள். வெளியே தெரிந்த பக்கமெல்லாம் கீறலும் மருந்துக் கறையும். பெயர்கூடப் படிக்க முடியாது. வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பாண்டி பதறிவிட்டார். "என்னக்கா தேடுறீக?"

"ஒரு சிடி. அடிப்பக்கம் கருநீலமா இருக்கும்." குட்டிக் கம்பெனிக்கு ஆலையில் அச்சடிக்க வசதி கிடையாது, ஒவ்வொன்றாகக் கணினியில் பதிந்து விற்றவர்கள். அந்த வகைச் சிடிக்கு அந்த நிறம்தான்.

"நீலமா? அட, அது மினுங்கவே இல்லக்கா! வெயில்ல காட்டிப் பாத்தேன், ஒரு கிளிகூட அசையல. அங்கன மோட்டார் ரூம்ல போட்டுட்டேன்."

மோட்டார் அறை அலமாரியில், உர மூட்டைக்கு மேலே, உறையோடு ஆறு சிடிகள். நான்காவது என்னுடையது. பையிலிருந்த, ஸ்பீக்கர் வைத்த பிளேயரில் போட்டேன், கடைசிப் பகுதிக்குத் தாவினேன். ஒரு நிமிடம். ஒன்றரை. இரண்டு. தாண்டியது! நான் போட்ட கூச்சலில் பந்தலில் இருந்த மைனாக்கள் எல்லாம் பறந்தன. சிடிகளால் ஆகாததை நான் செய்தேன்.

மேலே சொல்வதற்கு முன் உங்களுக்கான தகவல்கள். காலையிலேயே கிளம்பினால் இருட்டுவதற்குள் மதுரை திரும்பிவிடலாம். பிளேயருக்கு இரண்டு பென்சில் பேட்டரி கூடுதலாக எடுத்துப் போங்கள், அந்த அறையில் மோட்டாருக்கான மும்முனைக் கரண்ட் மட்டும்தான், பிளேயரைச் செருக பிளக் கிடையாது. பழைய சிடி வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள். என்னைப் போல இரண்டு மாதம் ஆறப்போடாதீர்கள்.

இனி அந்த ஒன்பது நிமிடம். பெரும் ஆரவாரத்தோடு முடியும் என்று ஆறு வருடமாக மனக்கோட்டை கட்டியிருந்தேன். அப்படி இல்லை. நான்கு தந்தி வாத்தியங்களும் ஒவ்வொன்றாக ஒதுங்கிக்கொள்ள, பியானோ மட்டும் முதல் மெட்டைத் தனியாக, மெதுவாகச் சொல்லி முடித்தது. அழுதுவிட்டேன். இவ்வளவு சந்தோஷமாக நான் அழுததே இல்லை.

பாண்டி வாசல் நிலையில் சாய்ந்து முழுக்கக் கேட்டிருந்தார். நூறு வருடத்துக்கு மேல் யாரும் சீண்டாத இசை என்று அவரிடம் சொன்னேன். "நல்லாத்தானக்கா இருக்கு," என்றார். "இதையா இத்தனை வருசம் ஒருத்தரும் கேக்காம விட்டாக? இன்னொருக்காப் போடுங்க."

போட்டேன்.