லேஞ்சிக்குள் போன நற்கருணை

பூசையில் கொடுத்த நற்கருணை அப்பத்தை அத்தை விழுங்கவில்லை என்பதை அன்று கண்டித் தேவாலயத்தில் கண்டுபிடித்தது நான் ஒருத்திதான். கையில் வாங்கி வாய்வரை கொண்டுபோனார். பிறகு முகம் துடைக்கிற லேஞ்சியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் முழங்காலிட்டார்.

எனக்கு அப்போது முதன்முதலாக நற்கருணை வாங்கி, புதுநன்மை எடுத்த புதிது. வேதபாடத்தில் கேட்டதெல்லாம் தலையில் சூடாக இருந்தது. ஆதித் திருச்சபையில் ஆடு, கோழி எதுவும் கிடையாது. அப்பமும் திராட்சை இரசமும்தான் பலி. ஞானஸ்நானம் பெறாதவர்களை அதற்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்களாம். அத்தையோ புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் இந்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். முனியாண்டிக்குக் கிடா வெட்டுகிற வீடு. அந்தக் கல்யாணத்திலிருந்து அப்பா தன் தங்கையோடு பேசுவதில்லை. கோயில் பிரசாதத்தை மடித்துக்கொண்டு போவதுபோல மாமாவுக்கு இதையும் கொண்டுபோகிறார் என்று நான் தீர்ப்பே எழுதிவிட்டேன்.

பிரசங்கத்தில் ஃபாதர் வேறொன்றும் சொல்லியிருந்தார். அந்தக் காலத்தில் மனஸ்தாபம் உள்ளவர்கள் சமாதானமான பிறகுதான் பலியில் சேர வேண்டும், இல்லாவிட்டால் பலியே தீட்டாகிவிடும் என்று. நான் அந்த நேரம் முன் வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் காலில் கிடந்த புதுச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூசை முடிந்து, பேராதனையில் அப்பாவைப் பார்க்க நான் ஏறிய புசல்லாவை பஸ்ஸில் அத்தையும் ஏறியதும் எனக்கு மிச்சமிருந்த சந்தேகமும் தீர்ந்தது. ஆனால் அவரும் என்னோடு பேராதனையிலேயே இறங்கிவிட்டார். மறுநாள் ஆபரேஷனுக்காக அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தார். நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்று அம்மா இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

அத்தையைக் கண்டதும் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தை கட்டிலருகே போய் நின்றார். இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நினைத்து, "அப்பா, அத்த நன்மைய முழுங்கல. பேக்குக்குள்ள வச்சிருக்காங்க," என்றேன்.

அப்பா மெல்லத் திரும்பினார். "ஏன் புள்ள?"

அத்தனை வருஷத்துக்குப் பிறகு தங்கையிடம் அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஃபாதர் சொன்னத கேட்டப்பறம் எறங்கலண்ணே. நாளைக்கு ஒங்கள அறுக்கப் போறாங்க. ஒங்ககிட்ட பேசாம நான் எப்படித் திங்கிறது?"

அத்தை லேஞ்சியைப் பிரித்தார். அப்பா எழுந்து உட்கார்ந்து, அந்த மெல்லிய அப்பத்தை இரண்டாக உடைத்தார். "மொதல்ல நீ வாயில போடு."

இருவரும் எதற்காக அழுதார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் அத்தையின் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன், மாமாவுக்கு ஒரு துண்டு ஒளித்து வைத்திருப்பாரோ என்று.