புதுச் சிவப்பு அடித்த லான்சியா

மொதேனாவில் எங்கள் கட்டடத்தின் நாலாம் மாடியில் வசிக்கும் எவாரிஸ்தோ, நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி நீவெஸுக்கு முழங்கால் போய்விட்டது. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. தன் அப்பா விட்டுப்போன பழைய லான்சியா காரை விற்றுத் தரைத்தளத்தில் வீடு வாங்குவதுதான் அவருடைய ஒரே திட்டம்.

நான் ஊர் ஊராகச் சுற்றித் திரும்பிய வாரம், ஸூரிக்கிலிருந்து பழைய கார்கள் வாங்கும் ஒரு சேகரிப்பாளர் வந்தார். எனக்கு ஜெர்மன் தெரியும் என்பதால் பேச்சுக்கு நான் துணை நின்றேன். அவர் வருவதற்காகவே எவாரிஸ்தோ மங்கிய பெயிண்டைச் சுரண்டிவிட்டு, புதுச் சிவப்பு அடித்துக் காரைக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்தார்.

வந்தவர் கதவைக்கூடத் தொடவில்லை.

"கம்பெனியில அடிச்ச பெயிண்டுக்காகத்தான் வந்தேன். அது போயிடுச்சு, எனக்கு வேண்டாம்."

"வீட்டுக்கு ஆள் வந்தா தரையைக் கூட்டாம இருப்பாங்களா ஐயா?"

"நீங்க கூட்டல. இருந்த மதிப்பையே வாரிக் கொட்டிட்டீங்க."

நாங்கள் மாடியேறியதும் நீவெஸ் கேட்டாள்: "என்னய்யா, வித்தாச்சா?"

"அவனுக்குப் பழைய பெயிண்டுதான் வேணுமாம்."

"அப்ப என்னைக் காட்டியிருக்கலாமே. என்மேல நீ ஒரு கோட்கூட அடிக்கல."

அவர் சிரிக்கவில்லை. கார் இப்போதும் தெருவில் பளபளக்கிறது. போகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நீவெஸ் அதை ஜன்னலிலிருந்து பார்ப்பதோடு சரி.