நாக்கைக் கடித்த கல் மனிதன்

தையல்காரிக்கு நாற்பத்தைந்து தாண்டியதும் ஊசிக் காது கண்ணுக்குத் தெரியாமல் போனது. அன்றிலிருந்து நூல் கோத்துக் கொடுப்பது புருஷன் வேலை. அருங்காட்சியகத்தில் காவலர் அவர். சட்டையைப் பாதி மாட்டியபடி ஜன்னலோரம் வந்து நின்று, ஆறேழு ஊசிகளில் கோத்துக் குத்தி வைத்துவிட்டு, ஊர் வம்பெல்லாம் அளந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவார்.

அந்த மனுஷர் திடீரென்று, நூல் கோக்கிற சின்னக் கம்பி ஒன்றை வாங்கி வந்து மேஜையில் போட்டார்.

"இனிமே இதுலயே கோத்துக்கோ."

"ஏன், உங்க கைக்கு என்ன வந்துச்சு?"

"கைக்கு ஒண்ணும் வரலை."

அதோடு விடவில்லை. காட்சிக்கூடம் வேண்டாம், கிடங்குக்கு மாற்றுங்கள் என்று கண்காணிப்பாளரிடம் கேட்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை பதில். முனைக்கடைக்குப் போனாலே நாலு பேர் கதையோடு திரும்புகிறவர், பூட்டிய அறையில் உடைந்த பானைகளோடு உட்காரப் போகிறாரா? அவளுக்கு மண்டை குடைந்தது. வியாழக்கிழமை, பாதி தைத்த பாவாடையை அப்படியே போட்டுவிட்டு, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கூட்டம் ஒரே இடத்தில் மொய்த்தது. இடிந்த மண்டபம் ஒன்றிலிருந்து புதிதாக வந்த சிற்பம், எண்ணூறு வருஷப் பழசு என்றது பலகை. முழங்கால் உயரத்தில், தொந்தி சரியக் குந்தியிருந்தான் ஒரு குண்டன். இரண்டு கையும் மணிக்கட்டோடு உடைந்திருந்தன; என்ன செய்துகொண்டிருந்தானோ! முகம் மட்டும் சேதமில்லை. ஒரு கண்ணை மூடி, புருவத்தைத் தூக்கி, நாக்கு நுனியைக் கடைவாயில் கடித்திருந்தான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தினம் காலையில் நூல் கோக்க ஜன்னலோரம் நிற்கிற அதே முகம்.

பக்கத்தில் அவர், உதட்டை இறுக்கி விறைத்து நின்றார்.

"அண்ணே, மூக்கும் தொந்தியும் அச்சு அசல் நீங்கதான். நாக்கை மட்டும் கொஞ்சம் நீட்டுங்க, ஒரு போட்டோ" என்றாள் கைபேசியை நீட்டிய ஒருத்தி.

அவர் மனைவியைப் பார்த்துவிட்டார். "நீ எங்கே இங்கே?"

"பாக்க வந்தேன்."

"யாரை?"

"ரெண்டு பேரையும்தான்."

கூட்டம் நகர்ந்ததும் குரலைத் தாழ்த்தினார். "கூட வேலை பாக்கறவனெல்லாம் இவனைக் காட்டி, உன் தம்பி சௌக்கியமான்னு கேக்கறான். இத்தனை நாளா இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டா உன் முன்னாடி நின்னேன்?"

"மூஞ்சிய யாரு பாத்தா? நூல் போகுதான்னு பாத்தேன்."

அதற்குள் பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏங்க, இவன் கையில என்ன வச்சிருந்திருப்பான்?"

"தெரியாதுங்க" என்றார் காவலர். மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "ஆனா என்னைக் கேட்டா, பொண்டாட்டி ஏதோ வேலை குடுத்துட்டுப் பக்கத்துலயே நிக்கறா."

பெரியவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னவென்று பார்க்க இன்னும் நாலு பேர் வந்தார்கள். அப்புறம் புருஷன் வாயை யார் மூடுவது? பாவாடை நினைவு வந்து அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் காலை கம்பியைக் காணோம். ஜன்னலோரம் ஊசிகள் மட்டும் இருந்தன. அவர் ஒன்றை எடுத்து, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"கண்காணிப்பாளர்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

அவள் எட்டிப் பார்த்தாள். நாக்கு கடைவாய்க்கு வந்திருந்தது.

நூல் போனபிறகுதான் பேச்சு வந்தது. "கிடங்குல வெளிச்சம் பத்தாதாம். வேண்டாம்னுட வேண்டியதுதான்."