வேரோனிக்கா அன்ரி கிடாரத்தைக் கவிழ்த்த நாள்

கனடாவின் வெக்ஸ்போர்ட்டில் வேரோனிக்கா அன்ரியின் ஆட்டிறைச்சிப் புரியாணி இல்லாத பிறந்தநாள், பிறந்தநாளே இல்லை. ஆள் பெரிய வாய்க்காரி. புருஷனோடும் வாய் காட்டுவார், பொலிஸ்காரனோடும் வாய் காட்டுவார். ஒன்றுக்குத்தான் பயம்: வெடிச் சத்தம். சண்டைக் காலத்தில் மன்னாரில் கேட்ட வேட்டுகள் அவரை விட்டுப் போகவேயில்லை. கனடா தினத்து வாணவேடிக்கைக்குக்கூடக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அது அவருக்கே பெரிய வெட்கம்.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மருமகனோ துவக்கு, துப்பாக்கி என்றால் பைத்தியம். நிதுசனுக்கு வேலை ஒரு காப்புறுதிக் கந்தோரில். உயிர் மட்டும் ஐந்நூறு வருடத்துக்கு முந்திய துருக்கி ஒட்டோமன் படையில். சனி ஞாயிறு என்றால் தன்னைப்போல நாலு பித்துகளைச் சேர்த்துக்கொண்டு, நீளத் தொப்பியும் ஒட்டு மீசையுமாக ஜானிசரிப் படை நடத்துவான். அந்தச் சுல்தான்களின் காலாட்படை அது. கையும் உடுப்பும் கரியாகிறது என்று குதிரைவீரர்கள் துவக்கைத் தொட மறுத்தபோது, வில்லையும் அம்பையும் வைத்துவிட்டு அதைத் துணிந்து தூக்கியவர்கள் இவர்கள்தானாம். சாப்பாட்டு மேசையில் அவன் இதைச் சொன்னதிலிருந்து அன்ரிக்கு ஒரு ஆசை.

"தம்பி, கரி எனக்குப் பழக்கம்தானே. அந்தச் சத்தத்துக்குத் துவக்குப் பிடிக்கிற பக்கம் நிண்டு ஒருக்கால் பாக்கோணும். ஒரு வெடி வைக்க விடுங்கோ."

"மாமி, உது விளையாட்டில்லை. பயத்தில கீழ போட்டிட்டியள் எண்டால்? நீங்கள் சமையலைப் பாருங்கோ."

அன்ரிக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் படையின் விழாவன்று பூங்காவுக்குப் புரியாணி நிறைந்த பெரிய கிடாரத்தோடு வந்தார். எல்லாரும் வயிறு முட்டத் தின்றார்கள். பிறகு அவர் வழக்கம்போலக் கிடாரத்தைத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் வடியட்டும் என்று புல்லில் கவிழ்த்து வைத்தார். எங்கள் சனத்தில் எவள்தான் கழுவிய கிடாரத்தை நிமிர்த்தி வைப்பாள்?

அதைக் கண்டதும் படை துள்ளி எழுந்தது. பிறகு ஒரே கூச்சல். ஜானிசரிகளுக்குக் கிடாரம்தான் கொடி, கிடாரம்தான் மானம். அதைக் கவிழ்த்தால், உன் சோறும் வேண்டாம், நீயும் வேண்டாம் என்று சுல்தானுக்கே சொல்கிற கலகம். கெமால் என்ற துருக்கிப் பெடியன் மரக்கரண்டியால் கிடாரத்தில் தாளம் போட, மற்றவர்கள் அன்ரியைச் சுற்றி ஆடத் தொடங்கினார்கள். பார்க்க வந்த சனம் இதுவும் நிகழ்ச்சிதான் என்று கைதட்டியது.

நிதுசன் தலையில் கைவைத்தான். "கலகக்காரர் என்ன கேக்கினமோ அதைத் தளபதி குடுக்கோணும், மாமி. நான் வைச்ச சட்டமே உதுதான். கேளுங்கோ."

"துவக்கு," என்றார் அன்ரி.

குண்டில்லாத வெறும் வெடிமருந்துதான். ஆனாலும் திரி புகைந்தபோது அன்ரி துவக்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடாதே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு விசையை அழுத்தினார். டமார்! பூங்காவில் நின்ற வாத்தெல்லாம் கலைந்து பறந்தன. புகை விலகியபோது, முகமெல்லாம் கரியோடு அன்ரி நின்ற இடத்திலேயே நின்றார். ஓடவில்லை. அதை நினைக்க நினைக்க அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

"தம்பி, அடுத்த வெடிக்கு மருந்தை இடியுங்கோ."

"ஒண்டெண்டுதானே கேட்டனீங்கள், மாமி?"

அன்ரி திரும்பிக் கிடாரத்தைப் பார்த்தார். அது எப்போதோ காய்ந்துவிட்டது. அவர் நிமிர்த்தவில்லை.